மஞ்சள் போர்டு வண்டியை வீட்டுத் தெருவில் நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

குட்டியானை_மடிப்பாக்கம்:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மஞ்சள் நம்பர் பிளேட் வண்டியை ராத்திரியில் குடியிருப்புத் தெருவில் நிறுத்தக் கூடாது என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?

மடிப்பாக்கத்தில் ஒரு இருபதடித் தெருவில் மாடி போர்ஷனில் குடியிருக்கிறேன். நாலு வருஷம் ஆகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு குட்டியானை. செகண்ட் ஹேண்டில் எடுத்த டாடா ஏஸ் லோடு வண்டி, இன்னும் பதினாலு டியூ பாக்கி. ராத்திரி இரண்டரைக்கு எடுத்தால் நேரே கோயம்பேடு. ஆறு கடைக்குக் காய் எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குள் எல்லாக் கடையிலும் இறக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு வீடு மாற்றும் லோடு, கட்டில், பீரோ என்று எது கிடைத்தாலும் ஓட்டம்தான். மத்தியானம் எங்கேயாவது மர நிழலில் கண்ணை மூடுவேன். வீடு திரும்ப சாயங்காலம் எட்டு ஆகிவிடும்.

காம்பவுண்டுக்குள் ஹவுஸ் ஓனர் காரும் இரண்டு பைக்கும் நின்றாலே நிறைந்துவிடும். அதனால் அவருடைய மதில் ஓரமாக, வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். யாருடைய கேட்டையும் மறைத்தது கிடையாது.

போன மாசம் தெரு நலச்சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. 'குடியிருப்புப் பகுதியில் வணிக வாகனங்களை நிறுத்துவது சட்டப்படி குற்றம், ஏழு நாட்களுக்குள் அகற்றவும்.' அதை என் கையில் கொடுக்கவில்லை, ஹவுஸ் ஓனரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் நல்ல மனுஷன். 'பாத்துக்கப்பா' என்று மட்டும் சொன்னார். ஜூனில் அக்ரிமெண்ட் முடிகிறது, அதனால் அந்த 'பாத்துக்கப்பா'வுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டு சார் தன் பக்கம் நாலு சிமெண்டு தொட்டி வைத்திருக்கிறார். அவருடைய இன்னோவா வெளியே போயிருக்கும் நேரத்தில் வேறு யாரும் அங்கே நிறுத்திவிடக் கூடாதாம். தொட்டி ரோட்டுக்குள் துருத்திக்கொண்டிருப்பதால் நான் வண்டியை வெட்டி எடுப்பதே பெரும் பாடு. இது போதாதென்று இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி பின்சக்கரம் இரண்டிலும் காற்று இல்லை. இரண்டுமே ஒரே ராத்திரியில் தானாக இறங்குமா? இருட்டில் கால் பம்பை மிதித்து, கோயம்பேடு போய்ச் சேர நாலரை. நல்ல தக்காளியெல்லாம் போயிருந்தது. கழிசல்தான் மிச்சம்.

என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும் ஹாரன் ஒன்று பழைய ஓனர் மாட்டியது, அப்படியே இருக்கிறது. ஒருநாள் உடம்பு சரியில்லாமல் காலையில் வண்டி எடுக்காதபோது ஸ்கூல் வேன் திரும்ப முடியாமல் ஐந்து நிமிஷம் ஹாரன் அடித்தது. லோடோடு ஒருதரம் ஓரம் கட்டியதில் மழைநீர் வடிகால் மூடி ஒன்று விரிசல் விட்டுவிட்டது.

ஆனால் அந்த இன்னோவா என் வண்டியைவிடப் பெரிசு. அதற்கு மட்டும் ஏன் கடிதம் போகவில்லை?

போலீசுக்குப் போவதா, வீடு மாறுவதா, வண்டியை வேறெங்காவது போடுவதா என்று குழப்பம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுகிறவர்களும் திட்டலாம், பிரிவு எண்ணோடு திட்டுங்கள்.


பழைய_காக்கி:

தம்பி, நான் போக்குவரத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மஞ்சள் போர்டு என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுத் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு கிடையாது. சங்கத்துக் கடிதத்தில் எண் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். இருந்திருந்தால் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்.

சந்தோஷப்பட்டு எழுந்துவிடாதே, உட்கார்.

122ஆம் பிரிவு இருக்கிறது. பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ, இடைஞ்சலோ, அளவுக்கு மீறிய தொந்தரவோ வரும்படி வண்டியை விட்டுவைக்கக் கூடாது. போர்டின் நிறத்தை அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. 177இன் கீழ் முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் மாட்டினால் 1,500. அடுத்தது 127. ஆள் இல்லாமல் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஒரு வண்டி பொது இடத்தில் நின்றால், சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி அதை இழுத்துப்போகவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சொல்லலாம். இழுத்த செலவு வண்டிக்காரன் தலையில். நீ எட்டுக்குப் போட்டு இரண்டரைக்கு எடுக்கிறாய், ஆறரை மணி நேரம்தான். தினப்படிக்குக் கவலையில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று நாள் வண்டி அங்கேயே நின்றால் அப்போது பேச்சு வேறு.

இது போக, 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள். சந்திப்பு, வளைவு, நடைபாதை, பஸ் ஸ்டாப், பள்ளி, ஆஸ்பத்திரி வாசல், அடுத்தவர் வீட்டு நுழைவாயில், இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே நிற்கிற வண்டிக்கு எதிரே இடைஞ்சலாக நிறுத்துவதும் தப்பு. உன் கதையில் எனக்கு உறுத்துவது அந்தக் கடைசிச் சங்கதிதான். எதிரே இன்னோவா நிற்கிறது என்கிறாயே.

இன்ன ரகம் வண்டி இந்தத் தெருவுக்குள் வரக் கூடாது என்று கட்டுப்பாடு போட அரசாங்கத்துக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் 115ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு மாசத்துக்கு மேல் நீடிக்கும் கட்டுப்பாடு என்றால் அரசிதழில் வர வேண்டும், தெருவில் முறையான போர்டு நட வேண்டும். அந்தப் போர்டை நடுவதும் அவர்கள் வேலைதான், 116. தெரு சங்கம் பெயிண்ட் வாங்கி எழுதி மாட்டுகிற 'நோ பார்க்கிங்' எதிலும் சேராது. சொல்லப்போனால் அதுதான் சட்டத்துக்கு மாறானது. 2024இல் இந்த மாதிரிப் போர்டு, தொட்டி, மணல்மூட்டை விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், சென்னை போக்குவரத்து போலீசே எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி எச்சரித்தது. உங்கள் தெருவுக்குச் சேதி வரவில்லை போலிருக்கிறது.

மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போதே ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் வாசலுக்கு முன்னால் இருக்கும் ரோடு எதிர்வீட்டு சாருக்கும் சொந்தமில்லை, உன் ஹவுஸ் ஓனருக்கும் சொந்தமில்லை. உனக்கு எப்படிச் சொந்தமாகும்?

காற்றைப் பிடுங்கியது தனி விவகாரம். வேண்டுமென்றே சேதம் விளைவித்த கணக்கில், புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 324ஆம் பிரிவுக்குக் கொண்டுவரலாம். யார் செய்தது என்று தெரியாமல் புகார் கொடுத்தால் மனு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இன்னொரு தடவை நடந்தால் உதவும். அது வரைக்கும் எதிர்வீட்டுக்காரர்தான் செய்தார் என்று வாயைத் திறக்காதே. நான் பார்த்த பார்க்கிங் சண்டையில் பாதி இப்படி யூகத்தில் ஆரம்பித்ததுதான்.


கொளத்தூர்_மூணாவது_குறுக்கு:

சட்டம் எல்லாம் சரி. நான் கடிதம் எழுதுகிற பக்கத்து ஆள். திட்டத்தான் வந்தேன், பிரிவு எண் கேட்டிருக்கிறீர்கள், அதனால் முதலில் அது. ஒலி மாசு விதிகள், 2000. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் அவசரம் இல்லாமல் ஹாரன் அடிக்கக் கூடாது. உங்கள் ரிவர்ஸ் பாட்டு இரண்டரை மணிக்கு ஒலிக்கிறது. அந்த ஒயரைப் பிடுங்க எந்தச் சங்கத்தின் அனுமதியும் வேண்டாம்.

இப்போது என் கதை. எங்கள் தெருவும் இருபதடி. முதலில் ஒரு கேட்டரிங் வேன் வந்தது. பாவம், பிழைக்கிற பையன் என்று எல்லோரும் விட்டோம். அடுத்த வருஷம் தண்ணீர் கேன் வண்டி ஒன்று. அப்புறம் தெருமுனை வீட்டுக்கு ஒரு லாரிக்காரர் குடி வந்தார், பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர். ராத்திரி அதை நிரப்பியே நிறுத்துவார், காலை முதல் நடைக்கு நேரம் மிச்சமாம். தண்ணீர் மட்டும் பன்னிரண்டு டன். அடியில் இருந்த குடிநீர்க் குழாய் இரண்டு முறை உடைந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒரு ஆடி மாசம் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. 108க்கு அடித்தேன். வண்டி சீக்கிரமாகத்தான் வந்தது, வந்து தெருமுனையில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் டேங்கர், எதிரே யாரோ ஒருவருடைய கார். ஆம்புலன்ஸ் கண்ணாடியோடு சேர்த்து ஏழடி இருக்கும், உள்ளே வர வழியே இல்லை. அந்தத் தம்பிகள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஒன்பது வீடு தாண்டி வந்தார்கள், தள்ளிக்கொண்டு போனார்கள். ஏழு நிமிஷம் ஆகியிருக்கும். அப்பா பிழைத்துக்கொண்டார், வலது கை வரவில்லை. அந்த ஏழு நிமிஷத்தால்தானா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் எனக்கு மஞ்சளும் தெரியாது வெள்ளையும் தெரியாது. உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வண்டியும் நின்று எதிரே இன்னோவாவும் நிற்கும்போது நடுவில் மீதி எத்தனை அடி? கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.


லோடுவண்டி_கோவை:

நம்ம ஜாதிக்கார ஆள் ஒருத்தர் மாட்டிக்கிட்டிருக்கார்னு ஓடி வந்தேனுங்க. வண்டி ஜாதியைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் இருபது வருஷமாக லோடு ஓட்டுகிறேன். 2005இல் டாடா ஏஸ் வருவதற்கு முன்னால் இந்தப் பிரச்சினையே வேறு மாதிரி. மூன்று சக்கர லோடு ஆட்டோ சந்துக்குள் போய்விடும், லாரி என்றால் பேட்டையில் நிற்கும். குட்டியானை வந்த பிறகுதான் டிரைவரே ஓனர், ஓனர் வீடே ஷெட் என்று ஆனது. லாரிக்கு ஊருக்கு ஊர் பேட்டை உண்டு, எங்களுக்கு உக்கடத்தில், உங்களுக்கு மாதவரத்தில். மடிப்பாக்கத்துக்காரர் மாதவரத்தில் போய் வண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு எதில் வருவார்? பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிடும். நம்ம ரகத்து வண்டிக்கு என்று யாரும் இடம் யோசித்ததாக நான் பார்க்கலைங்க.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பெட்ரோல் பங்கில் கேட்டேன், தினமும் அங்கேயே டீசல் போட்டால் விடுகிறேன் என்றார்கள். ஆறு மாசம் ஓடியது, மேனேஜர் மாறினார், முடிந்தது. அடுத்து ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் மட்டும் எடுத்துவிட வேண்டும். அது நல்ல ஏற்பாடு, ஆனால் தை, ஆவணி வந்தால் நாம் நாடோடி. இப்போது ஒரு மர டிப்போவில் மாசம் ஆயிரத்து இருநூறு கொடுக்கிறேன். வாட்ச்மேனுக்கு டீக்காசு தனி.

வெளியே போடுகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பேட்டரிக்குக் கூண்டு அடித்துப் பூட்டுங்கள், ஸ்டெப்னிக்குச் சங்கிலி போடுங்கள். காலியிடத்தில் நான் நிறுத்திய முதல் வாரமே பேட்டரி போனது. வீட்டுத் தெருவில் நிறுத்த நாம் அடம் பிடிப்பதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லைங்க. ஜன்னலைத் திறந்தால் வண்டி தெரிய வேண்டும், அது தெரிந்தால்தான் தூக்கம் வரும். டியூ பாக்கி இருக்கிறவனுக்குத்தான் அது புரியும்.

கொளத்தூர் அக்கா சொன்னதற்கு நான் பதில் எழுத முடியாது. பன்னிரண்டு டன்னை வீட்டுத் தெருவில் நிறுத்துகிறவனும் நானும் ஒன்றில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.


குட்டியானை_மடிப்பாக்கம்:

அக்கா, அளந்துவிட்டேன். ராத்திரி ஒன்பதரைக்கு மூத்தவனை டார்ச் பிடிக்கச் சொல்லி, கார்ப்பெண்டரிடம் இரவல் வாங்கிய டேப்பில்.

பத்திரத்தில் தெரு இருபதடி. நிஜத்தில் மதிலுக்கு மதில் இருபதே காலடி இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் எங்கள் பக்கம் கார் ஏறுவதற்குப் போட்ட ராம்ப் இரண்டரை அடி வெளியே வந்திருக்கிறது, அதன் வரிசையிலேயே செடிக்குக் கட்டிய திட்டும். எதிர்ப்பக்கம் படியும் ராம்ப்பும் சேர்ந்து இரண்டேகால். ஆக வண்டி ஓடுகிற தார் ரோடு பதினைந்தரை அடிதான். நாலே முக்கால் அடித் தெருவை இரண்டு பக்கத்து வீடுகளும் ஏற்கெனவே நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கின்றன. அதற்கு நம்பர் பிளேட் இல்லை, அதனால் கடிதமும் இல்லை.

என் வண்டி அகலம் ஐந்தடி, நீளம் பன்னிரண்டரை. வீட்டுப் பக்கம் நிற்கும் ஒரு ஸ்விஃப்ட் காரையும் அளந்தேன், நீளத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்னோவா பதினைந்தரை அடி நீளம், ஆறடி அகலம். அப்படியானால் என் வண்டி மட்டும் நின்றால் மீதி பத்தரை அடி. இன்னோவா மட்டும் நின்றால் ஒன்பதரை. இரண்டும் நின்றால் நாலரை. நாங்கள் நேருக்கு நேர் நிறுத்துவதில்லை, அரை வண்டி தள்ளித்தான் நிறுத்துகிறோம். ஆனாலும் அந்த இடத்தில் ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆம்புலன்ஸ் வராது.

டேப்பைச் சுருட்டும்போது மூத்தவன் 'அப்பா, ஃபயர் இன்ஜின் எத்தனை அடி?' என்றான். எட்டடி இருக்கும் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ரிவர்ஸ் பாட்டின் ஒயரை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். சின்னவளுக்குத்தான் வருத்தம், அவளுக்கு அது அப்பா வந்ததற்கு அடையாளம்.


ஜூரோங்_கார்த்தி_மாமா:

நான் சிங்கப்பூரில் ஒரு சரக்கு கம்பெனியில் சூப்பர்வைசர். இங்கே நடப்பதை ஒரு தகவலுக்குச் சொல்கிறேன். கனரக வண்டி வைத்திருப்பவர் அது எங்கே நிற்கும் என்று காட்டி, அதற்கான நிறுத்துமிடச் சான்றிதழ் வைத்திருந்தால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும். லாரிக்கு ஒதுக்கிய இடம் தனி. சின்ன வேன் ஓட்டுகிறவர்கள் அடுக்குமாடி கார் பார்க்கிலேயே மாதக் கட்டணம் கட்டி நிறுத்துகிறார்கள், குடும்பக் காருக்குப் பக்கத்திலேயே. யாரும் முகம் சுளிப்பதில்லை, ஏனென்றால் கோடு போட்ட பெட்டிக்குள் நிற்கிறது.

உடனே 'அந்த மாதிரி நம்ம ஊரிலும் கொண்டுவர வேண்டும்' என்று எழுதிவிடாதீர்கள். இங்கே இடத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு சான்றிதழ் கேட்டார்கள். மடிப்பாக்கத்தில் சான்றிதழை மட்டும் கேட்டால் என்ன நடக்கும்? சான்றிதழ் விற்கும் கடை ஒன்று திறக்கும்.


பழைய_காக்கி:

தம்பி, டேப் பிடித்த வரைக்கும் நல்ல காரியம். ராம்ப் கணக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மாநகராட்சி அவ்வப்போது ராம்ப்பை இடிக்க வரும், இடித்த வாரமே மறுபடி சிமெண்டு கலக்குவார்கள். மாநகராட்சிப் புகார் எண் 1913க்கு அடித்துச் சொல்லலாம். சொன்னால் முதலில் இடிபடுவது உன் ஹவுஸ் ஓனர் ராம்ப்பாகத்தான் இருக்கும், ஜூன் மாசத்தை யோசித்துக்கொள்.

நான் வேலையில் இருந்தபோது இந்த மாதிரிப் புகாருக்குப் போனால் 500 ரூபாய் ரசீது கிழிப்பது கடைசிதான். ரசீது கிழித்த மறுநாளும் அதே வண்டி அங்கேதான் நிற்கும், கோபம் மட்டும் கூடியிருக்கும். வண்டி ஒரே பக்கம் நிற்கட்டும், எதிர்ப்பக்கம் காலியாக இருக்கட்டும் என்று இரண்டு பேரையும் ஒத்துக்கொள்ள வைத்தால் வேலை முடிந்தது. எழுதாத விதிதான், ஆனால் நிறைய தெருவில் அதுதான் ஓடுகிறது.

இன்னொன்று. நீயும் தடை, அவரும் தடை என்பதால் புகார் கொடுத்தால் இரண்டு பேர் மேலும் நிற்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பொதுவழியை மறித்தால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதுச் சட்டத்தின் 285ஆம் பிரிவு, 5,000 வரை போகலாம். எதிர்வீட்டு சாரிடம் பேசப் போகும்போது இதை மனசில் வைத்துக்கொள், வாயில் வைத்துக்கொள்ளாதே.


கொளத்தூர்_மூணாவது_குறுக்கு:

அளந்து எழுதியதற்கு நன்றி தம்பி. நாலரை அடி என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு திட்ட மனசு வரவில்லை.

ஒரு யோசனை. சங்கத்துக்குப் பதில் கடிதம் எழுதினால் அந்த அளவுகளை அப்படியே போடுங்கள். ராம்ப் உட்பட. சட்டப் பிரிவெல்லாம் வேண்டாம், பழைய காக்கி சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் சங்கத்தில் நான்தான் இணைச் செயலர். பிரிவு எண்ணோடு வரும் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்துவிடுவோம். அடிக்கணக்கோடு வந்தால் தெருவில் இறங்கிப் பார்ப்போம்.

டேங்கர் என்ன ஆனது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது ராத்திரி நிரப்புவதில்லை, மெயின் ரோட்டில் நிறுத்துகிறார். நாங்கள் யாரும் சொல்லி அல்ல. அப்பாவைப் பார்க்க ஒருநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார், மறுநாளிலிருந்து லாரி தெருவுக்குள் வரவில்லை.


குட்டியானை_மடிப்பாக்கம்:

பதினெட்டு நாள் ஆகிவிட்டது. என்ன ஆனது என்று கேட்டவர்களுக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு சாரிடம் போனேன். அளவு எழுதிய தாளைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், எடுக்கவில்லை. உட்காரச் சொன்னார், காபி வந்தது. இன்னோவா எதற்கு வெளியே நிற்கிறது என்று கேட்டேன். போர்டிகோவை அடைத்து மருமகளுக்கு டியூஷன் ரூம் கட்டிவிட்டார்களாம். அவருக்குக் கோபம் நான் நிறுத்துவதில் இல்லை. இரண்டரை மணிக்கு நான் செல்ஃப் போடும் சத்தம் அவருடைய படுக்கையறை ஜன்னலில் மோதுகிறது, அதற்குப் பிறகு தூக்கம் வருவதில்லை, நாலு வருஷமாக. 'ஒரு தடவை வந்து சொல்லியிருக்கலாமே சார்' என்றேன். 'நீ எப்ப வீட்ல இருக்க?' என்றார். அதுவும் நியாயம்தான்.

காற்று பிடுங்கியது யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சங்கச் செயலாளரிடம் அடிக்கணக்கோடு கடிதம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, ராம்ப் வரி வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு, மூன்று தெரு தள்ளி ஒரு காலி மனை இருக்கிறது, சொந்தக்காரர் துபாயில், சுற்றி வேலி போட்டிருக்கிறது, பேசித் தரட்டுமா என்றார். மாசம் எண்ணூறு. குப்பை போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்த மாதிரி அவர்களுக்கும் ஆச்சு. கோவை அண்ணன் சொன்னபடி பேட்டரிக்குக் கூண்டு அடித்துவிட்டேன், ஆயிரத்து நூறு ஆனது. ஸ்டெப்னிக்குச் சங்கிலி. மழைக்காலத்தில் அந்த மனையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று பால்காரர் சொல்கிறார். ஐப்பசி வந்தால் பார்த்துக்கொள்வோம்.

இரண்டேகாலுக்கு வீட்டிலிருந்து நடக்கிறேன். மூன்று தெருவுக்கும் சேர்த்துப் பதினோரு நாய். முதல் வாரம் பிஸ்கட் செலவு மட்டும் நூற்றைம்பது. ஹவுஸ் ஓனர் அக்ரிமெண்டைப் புதுப்பிப்பதாகச் சொல்லிவிட்டார், ஐந்நூறு ஏற்றி.

நான் காலி செய்த வேப்பமரத்தடியில் மூன்றாம் நாளே இன்னோவா வந்துவிட்டது. அவர் பக்கம் கரண்டுக் கம்பத்தில் காக்கை எச்சமாம், எங்கள் பக்கம் நிழல். அவருடைய பழைய இடத்தில் தொட்டி நாலும் அப்படியே இருக்கிறது, நடுவில் இப்போது மருமகளின் ஸ்கூட்டி.

பழக்கதோஷத்தில் அளந்து பார்த்தேன். தொட்டியிலிருந்து இன்னோவா வரை ஏழேகால் அடி. கொளத்தூர் அக்கா, ஆம்புலன்ஸ் கண்ணாடியை மடக்கினால் வந்துவிடும்.